வரலாறு படிக்காதவர்கள் அரும்பொருளகத்தில் என்ன பார்ப்பது?

பொங்கோல்_பாரி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நான் சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டிங் மேற்பார்வையாளர். கலை வரலாறு, தொல்லியல் எதையும் முறையாகப் படித்ததில்லை. ஆனாலும் பழம்பொருள்களைப் பார்ப்பதில் ஒரு பைத்தியம் உண்டு. விடுமுறை நாளில் வீட்டில் எல்லோரும் கடைத்தொகுதிக்குக் கிளம்பினால் நான் எம்பிரஸ் பிளேஸில் உள்ள ஆசிய நாகரிக அரும்பொருளகத்துக்கோ ஸ்டாம்ஃபர்ட் சாலையில் உள்ள தேசிய அரும்பொருளகத்துக்கோ கிளம்பிவிடுவேன்.

சிக்கல் இதுதான். உள்ளே நுழைந்ததும் ஒரு விளக்கப் பலகை விடாமல் படிக்கிறேன். இரண்டாம் மாடிக்குப் போவதற்குள் கண் சொக்குகிறது, கால் கடுக்கிறது. வெளியே வந்து "என்ன பார்த்தாய்?" என்று யாராவது கேட்டால், "நிறையப் பார்த்தேன்" என்பதைத் தவிர ஒன்றும் வாயில் வருவதில்லை. முறையாகப் பயின்றவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பது எனக்கு வேண்டாம். என்னைப் போன்ற ஆர்வலர்கள் இங்கே எப்படிப் பார்க்கிறீர்கள்?

---

தேக்கா_வாசகி

பாரி அண்ணன், நீங்கள் சிங்கப்பூரரா, நிரந்தரவாசியா? அப்படியென்றால் பாதிச் சிக்கல் அப்போதே தீர்ந்தது. 2013 மே 18 முதல் தேசிய மரபுடைமைக் கழகத்தின் அரும்பொருளகங்களில் நிரந்தரக் காட்சிகளுக்கு நமக்கு டிக்கெட் கிடையாது. காசு கொடுத்து வருகிற சுற்றுப்பயணி எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்கத் துடிப்பது நியாயம். நமக்கு என்ன அவசரம்? ஒரு பொருளுக்காக உள்ளே போங்கள், அதைப் பார்த்துவிட்டுக் கோப்பி குடிக்கப் போய்விடுங்கள். மற்றவை அடுத்த வாரமும் அங்கேயேதான் இருக்கும்.

நான் எப்போதும் ஒரு கூடம்தான். அதிலும் ஒரே ஒரு பேழை முன்னால் நின்றுவிடுவேன். பலகையைக் கடைசியில்தான் படிப்பேன்.

---

செம்பவாங்_சேது

இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எந்தப் பேழை முன்னால் நிற்க வேண்டும் என்று தெரிய வேண்டுமானால் முதலில் எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றித்தானே வர வேண்டும்? நான் முதலில் விறுவிறுவென்று நடந்துவிடுவேன். எது காலைப் பிடித்து இழுக்கிறதோ அதனிடம் திரும்பி வருவேன்.

பலகைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பொருளின் வயது, பயன், செய்த முறை ஆகியவை கீழே பொடி எழுத்தில் இருக்கும். மேலே பெரிய எழுத்தில் "நாகரிகங்களின் சங்கமம்" வகை வசனம் இருக்கும். மேலே உள்ளதை விட்டுவிட்டுக் கீழே உள்ளதை மட்டும் படிப்பவன் நான்.

---

பழைய_ஓடு

பாரி, ஆசிய நாகரிக அரும்பொருளகத்தின் தாங் கப்பல் கூடத்திலிருந்து தொடங்குங்கள். பட்டறையில் வேலை செய்கிறவருக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இந்தத் தீவில் இல்லை.

1998இல் இந்தோனீசியாவின் பெலித்துங் தீவை ஒட்டிய கடலில், கடல் அட்டை எடுக்க மூழ்கியவர்கள் கண்டெடுத்தது. 9ஆம் நூற்றாண்டுக் கப்பல். அரபுக் கடல் வகைக் கட்டுமானம், சரக்கோ சீனாவிலிருந்து வந்தது. ஏறத்தாழ 60,000 பீங்கான்கள். அவற்றில் மிகப் பெரும்பகுதி சாங்ஷா சூளைகளில் செய்த கிண்ணங்கள். பெரிய சாடிகளுக்குள் அவற்றைச் சுருள் சுருளாக அடுக்கி வைத்திருந்தார்கள். அதனால்தான் ஆயிரம் ஆண்டுக்கு மேல் கடலடியில் கிடந்தும் பல உடையவில்லை. சரக்குக் கட்டிய அந்தப் பெயர் தெரியாத ஆளைத்தான் நான் முதலில் வணங்குவேன்.

அங்கே போனதும் எல்லோரும் தங்கக் கோப்பைக்கு ஓடுவார்கள். எட்டுப் பட்டைக் கோப்பை, பட்டைக்கு ஓர் ஆள், வாத்தியக்காரர்களும் ஆடுபவரும். பிடியின் மேலே கட்டைவிரல் வைக்கிற தகட்டில் தாடிக்காரத் தலைகள் இரண்டு. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் சாங்ஷா கிண்ணங்களிடம் போங்கள். விளிம்பில் நான்கு இடத்தில் பழுப்புத் திட்டு இருக்கும். கிண்ணத்தின் ஓரத்தை நான்கு தடவை வண்ணக் குழம்பில் முக்கி எடுத்திருக்கிறார்கள். உள்ளே பறவை, மீன், செடி. தூரிகையைத் தூக்காமல் இழுத்த கோடுகள். ஒரே பறவையை நாளெல்லாம் வரைந்து பழகிய கை அது. பத்துக் கிண்ணத்தை அடுத்தடுத்துப் பார்த்தால், எந்தப் பறவையை வரையும்போது அவர் களைத்திருந்தார் என்றுகூடச் சொல்லிவிடலாம் போலத் தோன்றும்.

அந்தக் குவியலில் ஒரு கிண்ணத்தில் தேதி கீறியிருக்கிறது. சீனாவின் பாவ்லி ஆட்சியின் இரண்டாம் ஆண்டு, ஏழாம் மாதம், பதினாறாம் நாள். அதாவது 826. கப்பலின் காலத்தைக் கணிக்க அந்த ஒரு மலிவுக் கிண்ணம் செய்த உதவியைத் தங்கக் கோப்பை செய்யவில்லை.

---

பொங்கோல்_பாரி

ஐயா, நேற்றே போய்விட்டேன். தேக்கா வாசகி சொன்னபடி பலகையைப் படிக்காமல்தான் தொடங்கினேன். கப்பலின் பலகைகளில் ஓர் ஆணிகூட இல்லை, கயிற்றால் தைத்த கப்பல் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அந்த வரியைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் ஓர் இணைப்பில் நூலளவு இடைவெளி இருந்தாலே வேலையை நிறுத்திவிடுவோம். இவர்கள் துளை போட்டுத் தைத்து, அடைத்து, அதில் சீனா வரை போய்ச் சரக்கு ஏற்றியிருக்கிறார்கள்.

என் தாத்தா பழைய சென்னைக் கடற்கரையைப் பற்றிச் சொல்லும்போது மசூலாப் படகு என்பார். துறைமுகம் வருவதற்கு முன் அலை தாண்டிக் கப்பல்களிலிருந்து ஆளையும் சரக்கையும் இறக்கிய படகு. அதுவும் கயிற்றால் தைத்ததுதான். அலை மோதும்போது ஆணி அடித்த படகு பிளந்துவிடும், தைத்தது வளைந்து கொடுக்கும் என்பாராம். அது நினைவுக்கு வந்த பிறகு அந்தக் கப்பல் எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

---

கடல்_நண்டு

எல்லோரும் பரவசப்படுகிறீர்கள். ஒரு கேள்வி கேட்கலாமா? அந்தக் கப்பலை எந்தத் தொல்லியல் நிறுவனமும் அகழவில்லை. இந்தோனீசிய அரசின் அனுமதியோடு ஒரு வணிக நிறுவனம் எடுத்தது. 2005இல் ஏறத்தாழ 32 மில்லியன் அமெரிக்க டாலருக்குச் சரக்கு சிங்கப்பூர் வந்தது. 2011இல் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் இதைக் காட்சிக்கு வைக்கத் திட்டமிட்டு, அறிஞர்களின் எதிர்ப்பால் கைவிட்டது. ஆர்வலர் என்றால் இதையும் தெரிந்துகொண்டுதானே பார்க்க வேண்டும்?

---

பழைய_ஓடு

தெரிந்துதான் பார்க்கிறேன், தம்பி. உங்கள் கேள்வி நல்ல கேள்வி. முறையாக அகழ்ந்திருந்தால் எது எதன் பக்கத்தில் கிடந்தது, மாலுமிகளின் சொந்தப் பொருள் எது, விற்பனைச் சரக்கு எது என்பதெல்லாம் இன்னும் துல்லியமாகக் கிடைத்திருக்கும். அது இழப்புதான். மறுபக்கம், உள்ளூர்க்காரர்கள் கண்டுபிடித்த அன்றிலிருந்தே கொள்ளை தொடங்கிவிட்டது. எடுக்காமல் விட்டிருந்தால் கடலடியில் பத்திரமாக இருந்திருக்கும் என்று நினைப்பது கற்பனை. சரக்கைத் துண்டு துண்டாக ஏலத்தில் விடாமல் ஒரே இடத்தில் வைத்ததற்காக நான் சிங்கப்பூரின் பக்கம் நிற்பேன். ஆனால் முழு மதிப்பெண் கொடுக்க மாட்டேன்.

---

சீர்பாதம்

கப்பலை விடுங்கள். நமக்கு நெருக்கமான ஒன்றைச் சொல்கிறேன். நான் இங்கே ஒரு கோயிலில் சாமி தூக்குகிற தொண்டூழியன்.

ஆசிய நாகரிக அரும்பொருளகத்தில் சோழர் காலச் சோமாஸ்கந்தர் இருக்கிறார். அதுபோன்ற எந்தத் திருமேனி முன்னால் நின்றாலும் என் கண் முதலில் பீடத்துக்குத்தான் போகும். பீடத்தில் துளைகளோ வளையங்களோ இருக்கும். அவை அலங்காரம் அல்ல. கம்பு நுழைத்துத் தூக்குவதற்கும், வாகனத்தில் கட்டி நிறுத்துவதற்கும் வைத்தவை. வெளிநாட்டு வழிகாட்டி நூல்களில் முக பாவத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவார்கள், இந்தத் துளையைப் பற்றி அரை வரி இருக்காது. அந்த அரை வரியில்தான் விஷயமே இருக்கிறது. அது உற்சவர். வீதிக்கு வந்த சாமி. பட்டும் மாலையும் மறைத்து, முகம் மட்டுமே மக்கள் கண்ணுக்குத் தெரிந்த சாமி. இடுப்பின் வளைவையும் தோளின் மினுமினுப்பையும் நாம் இன்று பார்ப்பது போல, அன்று வீதியில் நின்றவர்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

இன்னொன்று, முகத்தின் தேய்மானம். தலைமுறை தலைமுறையாகப் பாலும் மஞ்சளும் சந்தனமும் சாத்தித் துடைத்தால் மூக்கு நுனியும் கன்னமும் வழவழத்துப் போகும். பச்சைக் களிம்பு படிந்திருந்தால் பெரும்பாலும் அது மண்ணுக்குள் கிடந்தது என்று பொருள். படையெடுப்புக் காலங்களில் சாமியைப் புதைத்து மறைத்தார்கள். பின்னால் ஏர் உழும்போதும் வீட்டுக்குக் கடைகால் தோண்டும்போதும் கிடைத்தவை எத்தனையோ. இதற்குப் பட்டம் தேவையில்லை. கோயிலுக்குப் போகிற கண் போதும்.

---

பொங்கோல்_பாரி

வார்ப்பைப் பற்றி நான் சொல்லலாமா? இதைப் பற்றிக் கொஞ்சம் தேடிப் படித்தேன். தென்னாட்டுத் திருமேனிகள் பெரும்பாலும் கன வார்ப்பு. உள்ளே பொள்ளல் இல்லை. முதலில் மெழுகில் உரு செய்து, மேலே வண்டல் மண் பூசி, சுட்டு, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். அச்சை உடைத்தால்தான் உரு வெளியே வரும். எனவே ஒன்றைப் போல மற்றொன்று கிடையாது. சுவாமிமலையில் இன்றும் தென்னை ஓலையை மடித்து மடித்து அளவு குறித்துக்கொள்கிறார்கள்.

இவ்வளவு கனமான உலோகம் ஆறும்போது ஒரு பக்கம் முந்தி இறுகினால் மறுபக்கம் இழுக்கும், விரிசல் விடும். தூக்கிய கையின் மெல்லிய விரல்கள் வரை உலோகம் ஓடி நிரம்ப வேண்டும். அடுத்த முறை போகும்போது விரல்களை மட்டும் பார்க்கப் போகிறேன்.

---

கடல்_நண்டு

சீர்பாதம் அண்ணன், உங்கள் சோழர் திருமேனிகளிடம் என் கேள்வி இன்னும் கூர்மையாகப் பொருந்தும். இதே அரும்பொருளகம் 2007இல் 6,50,000 அமெரிக்க டாலர் கொடுத்து நியூயார்க்கில் ஓர் உமா பரமேஸ்வரியை வாங்கியது. அரியலூர் மாவட்டச் சிவன் கோயிலிலிருந்து திருடு போனது என்று இந்தியா கேட்க, 2015இல் திருப்பிக் கொடுத்தது. விற்றவர் கலைப்பொருள் வணிகர் சுபாஷ் கபூர். 2022இல் கும்பகோணம் நீதிமன்றம் வேறொரு சிலைத் திருட்டு வழக்கில் அவருக்குப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் ஸ்ரீபுரந்தான் நடராசரை 2014இல் திருப்பிக் கொடுத்ததும் அதே ஆளிடம் வாங்கியதால்தான்.

---

சீர்பாதம்

தெரியும். அதனால்தான் விளக்கப் பலகையில் நான் தேடுவது ஒன்றே ஒன்று. "தமிழ்நாடு, 11ஆம் நூற்றாண்டு, வெண்கலம்" என்று இருக்கும். எந்த ஊர்? நம் ஊர்ப்பக்கம் சாமிக்கு ஊர் இல்லாமல் பெயரே கிடையாது. திருவாரூர்த் தியாகேசர், திருவெண்காட்டு அகோரமூர்த்தி என்றுதான் சொல்வோம். ஊர் இல்லாத சாமி என்றால் யாரோ எங்கேயோ அந்த ஊரின் பெயரைக் கழற்றிவிட்டார்கள் என்று பொருள். எல்லாம் திருட்டு என்று சொல்ல வரவில்லை. புதையலாகக் கிடைத்து, பழைய காலத்திலேயே முறையாகக் கைமாறியவையும் உண்டு. ஆனால் ஊர்ப்பெயர் இல்லாத இடத்தில் ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டும்.

பாண்டிச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1950களிலிருந்து கோயில் கோயிலாகப் போய்ப் படம் எடுத்து வைத்தார்கள். திருட்டுப் போன பல திருமேனிகளுக்கு ஊரைத் திரும்பப் பெற்றுத் தந்தது அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்கள்தான்.

---

செம்பவாங்_சேது

அப்படித் திரும்பிப் போனவை எல்லாம் வீதியுலா வருகின்றனவா? பல, தமிழ்நாட்டுச் சிலைப் பாதுகாப்பு மையத்தின் கம்பிக் கதவுக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கின்றன. சிங்கப்பூரில் இருந்தால் என் பேரன் பார்ப்பான். அங்கே யார் பார்க்கிறார்கள்?

---

சீர்பாதம்

பூட்டி வைப்பது அவர்கள் தவறு. அதற்காகத் திருட்டுப் பொருளை வைத்துக்கொள்வது சரியாகிவிடாது. உங்கள் பேரனுக்கு நல்ல வழியில் வந்த சோமாஸ்கந்தரைக் காட்டுங்கள்.

---

தேக்கா_வாசகி

இந்த ஊர்ப்பெயர் விஷயத்துக்கு ஒரு சிறு குறிப்பு. தேசிய மரபுடைமைக் கழகத்தின் ரூட்ஸ் இணையத்தளத்தில் பொருள்களின் பதிவெண்ணைப் பாருங்கள். தாங் கப்பல் பொருள்களுக்கு 2005 என்று தொடங்கும். பெரும்பாலும் முதல் நான்கு இலக்கம் பொருள் சேகரிப்பில் சேர்ந்த ஆண்டு. எப்போது வந்தது என்று தெரிந்தால், எப்படி வந்தது என்று கேட்கத் தோன்றும்.

பெயர் காணாமல் போவது சாமிக்கு மட்டுமில்லை. தேசிய அரும்பொருளகத்தில், சிங்கப்பூரின் முதல் பிரிட்டிஷ் ஆட்சிப் பொறுப்பாளர் வில்லியம் ஃபார்க்குவாரின் சேகரிப்பு இருக்கிறது, 477 நீர்வண்ண ஓவியங்கள், மலாயாவின் செடிகளும் விலங்குகளும். இலையின் நரம்பு, பூச்சி அரித்த ஓட்டை எல்லாம் அப்படியே இருக்கும். வரைந்தவர்கள் சீன ஓவியர்கள். அவர்கள் யார் என்று எவரும் எழுதி வைக்கவில்லை. காசு கொடுத்தவரின் பெயர் மட்டும் தங்கிவிட்டது.

---

கடாரம்_கொண்டான்

சிங்கப்பூர்க் கல்லைப் பற்றி யாரும் பேசவில்லையே! தேசிய அரும்பொருளகத்தில் இருக்கும் அந்தக் கல்லில் பரகேசரி என்ற சோழப் பட்டம் இருப்பது நிரூபிக்கப்பட்டுவிட்டது. ராஜேந்திர சோழன் 1025இல் இங்கே வந்து நட்ட கல். இதை ஏன் பலகையில் கொட்டை எழுத்தில் போடவில்லை?

---

பழைய_ஓடு

நிரூபிக்கப்படவில்லை. சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் இருந்த பெரும் பாறை அது. ஏறத்தாழ ஐம்பது வரி எழுத்து இருந்தது. 1843இல் பிரிட்டிஷார் வெடி வைத்துத் தகர்த்தார்கள். மிஞ்சிய துண்டைத்தான் நாம் பார்க்கிறோம். இன்றுவரை யாரும் முழுமையாகப் படித்ததில்லை. 2019இல் இயன் சின்க்ளேர் என்ற ஆய்வாளர், சில எழுத்துகளைக் "கேசரிவ" என்று வாசிக்கலாம், அது பரகேசரிவர்மன் என்ற பட்டத்தின் பகுதியாக இருக்கலாம் என்றார். இரண்டு "லாம்" இருக்கிறது, கவனியுங்கள். எனக்கும் அது உண்மையாக இருந்தால் மகிழ்ச்சிதான். ஆனால் ஆசை வேறு, வாசிப்பு வேறு.

வாசிக்க முடியாததாலேயே அந்தக் கல் முன்னால் நிற்பது ஒரு தனி அனுபவம். மணற்கல் தேய்ந்து, எது எழுத்து, எது கல்லின் சொரசொரப்பு என்று பிரிக்க முடியாது. நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். வெளிச்சம் சாய்வாக விழும்போது சில கீறல்கள் எழுந்து நிற்கும்.

---

கடாரம்_கொண்டான்

தமிழர் பெருமை என்றால் மட்டும் "லாம்" பார்ப்பீர்கள்.

---

நெறியாளர்

கடாரம் ஐயா, பெருமையைப் பேசத் தனி இழை உண்டு. இங்கே பொருளைப் பேசுவோம்.

---

பழைய_ஓடு

பெருமைக்கும் வழி இருக்கிறது, கோபம் வேண்டாம். 1928இல் ஃபோர்ட் கேனிங் குன்றில் நீர்த்தேக்கத்துக்காகத் தோண்டியபோது தொழிலாளர்கள் கண்டெடுத்த 14ஆம் நூற்றாண்டுத் தங்க நகைகள் அதே அரும்பொருளகத்தின் சேகரிப்பு. ஜாவா பாணிக் கைவளையில் பிதுங்கிய கண்ணோடு காலா என்ற பூத முகம். நம் கோயில் தோரணத்தின் உச்சியில் இருக்கும் கீர்த்திமுகத்தைப் பார்த்தவர்களுக்கு அது உறவுக்காரர் முகமாகத் தெரியும். சோழன் படை நடத்தித்தான் உறவு வர வேண்டும் என்பதில்லை. வணிகரும் பூசாரியும் பொற்கொல்லரும் போய்வந்த வழியிலும் வரும்.

---

உட்லண்ட்ஸ்_அம்மா

பெரியவர்கள் சண்டை போடுங்கள். தொடக்கநிலையில் படிக்கும் பிள்ளைகள் இரண்டு பேரை இழுத்துக்கொண்டு போகிறவள் நான், என் அனுபவம் வேறு.

கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்தில் செட்டிநாட்டுக் கதவு நிலை ஒன்று இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதிக் காலத்தது, ஏறத்தாழ 5,000 நுண்ணிய செதுக்கல்கள். "யார் முதலில் யானையைக் கண்டுபிடிப்பது?" என்று விட்டால் போதும், எனக்குக் கொஞ்ச நேரம் உட்காரக் கிடைக்கும். அந்தக் கதவைத் தாண்டிப் போன பெண்கள் கழுத்து நிறைய நகையோடு எப்படிக் குனிந்திருப்பார்கள் என்றுதான் என் யோசனை போகும்.

தேசியக் கலைக்கூடத்தில் ஜாவா ஓவியர் ராடன் சாலேயின் காட்டுத்தீ ஓவியம், 1849இல் வரைந்தது. மூன்று மீட்டர் உயரம், ஏறக்குறைய நான்கு மீட்டர் அகலம். தீ துரத்த விலங்குகள் பாறை விளிம்புக்கு ஓடி வருகின்றன, புலி கீழே விழப்போகிறது. என் மகன் அதன் முன் உட்கார்ந்து, தப்பிக்க வழியிருக்கிறதா என்று ஓவியம் முழுக்கத் தேடினான். ஓவியர் சுவா மியா தீயின் "தேசிய மொழி வகுப்பு" ஓவியத்தில் கரும்பலகையில் மலாயில் இரண்டு கேள்வி: உன் பெயர் என்ன, எங்கே வசிக்கிறாய்? மகள் பள்ளியில் படித்த மலாயில் சத்தமாகப் பதில் சொல்லிவிட்டாள், காவலர் சிரித்தார்.

இவற்றையெல்லாம்விட அவர்கள் வீட்டில் வந்து சொன்னது எது தெரியுமா? இப்போது அந்தக் கலைக்கூடத்தின் பகுதியாக உள்ள பழைய உச்ச நீதிமன்றத்தின் அடிக்கல்லுக்குக் கீழே புதைத்த பேழையை 3000ஆம் ஆண்டில்தான் திறக்க வேண்டுமாம். அதுவரை உயிரோடிருக்க இருவரும் திட்டம் போட்டிருக்கிறார்கள்.

ஒரு வேண்டுகோள்: குளிருக்கு மேலாடை கொண்டுபோங்கள். உள்ளே இருக்கும் பொருள்களுக்காக வைத்த குளிர், நமக்காக அல்ல.

---

பொங்கோல்_பாரி

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை காலை எம்பிரஸ் பிளேஸ் போகிறேன், சோமாஸ்கந்தருக்காக மட்டும். வருகிறவர்கள் வாசலில் ஆற்றுப்பக்கம் நில்லுங்கள்.

சீர்பாதம் அண்ணன், ஒரு சந்தேகம். பின்பக்கம்தான் வார்ப்புக்காரன் குணம் தெரியும் என்பது எங்கள் பட்டறைக் கணக்கு. பேழையைச் சுவரை ஒட்டி வைத்திருந்தால் பின்பக்கத்தை எப்படிப் பார்ப்பது?

---

சீர்பாதம்

பேழைக்குப் பக்கவாட்டில் போய்க் கண்ணாடியை ஒட்டி நின்று பாருங்கள், சடையும் தலைக்குப் பின்னுள்ள சக்கரமும் ஓரளவு தெரியும். கைவிளக்கு அடிக்காதீர்கள், காவலர் வந்துவிடுவார். நானும் வருகிறேன். சேது ஐயா பேரனை அழைத்து வரட்டும்.

---

செம்பவாங்_சேது

வருகிறோம். ஆனால் முதலில் ஒரு சுற்று முழுக்கச் சுற்றிவிட்டுத்தான் உங்களிடம் வருவோம்.